வாசிகசாலைக்கு எது பொருந்தும்: வட்ஸ்அப்பா, பேஸ்புக்கா, இணையம் வேண்டாத பெட்டியா?

போன மாதம் மூன்று பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். ஒருவர் இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வாசிகசாலை நடத்துகிற தம்பி. இன்னொருவர் பாடசாலை நூலகம் தலையில் விழுந்த ஆசிரியை, கணக்குப் பாடத்தோடு சேர்த்து அதையும் பார்க்கிறார். மூன்றாமவர் கொழும்பில் வேலை செய்யும் பழைய மாணவர், ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று கொஞ்சம் காசு சேர்த்து வைத்திருக்கிறார். "பேஸ்புக் பக்கம் தொடங்கலாமா, வட்ஸ்அப் குழு போதுமா, யூடியூப்பில் பாடம் போடலாமா, இல்லை இப்போது எல்லாரும் பேசுகிற ஏஐயைக் கொண்டுவரலாமா?" மூவருக்கும் தனித்தனியாக எழுதிய பதிலை ஒன்றாக்கி இங்கே தருகிறேன். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்ட வாசிகசாலையை நாங்கள் சிலர் சேர்ந்து பல வருடமாக நடத்துகிறோம், இதில் பாதி அங்கே பட்டு அறிந்தவை.

தோட்டத்து வாசிகசாலையையும் டவுன் நூலகத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தில், தோட்டப் பகுதிக்குச் சபை நிதியைச் செலவழிக்க முடியாதபடி தடையாக இருந்த பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. அதுவரை நூலகம் என்றால் டவுனுக்குத்தான். தோட்டத்தில் இருந்ததெல்லாம் இளைஞர்களும் கோயில் கமிட்டியும் பழைய மாணவர்களும் சேர்ந்து நடத்தியவை. சம்பளம் வாங்கும் நூலகர் இல்லை, பட்ஜெட் இல்லை, பல இடங்களில் பூட்டுச் சாவி ஒருவரின் வீட்டில் தொங்கும். அதனால் வெளிநாட்டு நூலகங்களுக்குச் சொல்கிற ஆலோசனையை அப்படியே எடுத்துவந்து இங்கே போட்டால் மூன்று மாதத்தில் படுத்துவிடும்.

எதை வைத்துத் தெரிவு செய்வது

முதல் கேள்வி, போன் யார் கையில் இருக்கிறது என்பது. எங்களிடம் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குச் சொந்தப் போன் கிடையாது. வீட்டுக்கு ஒரு போன். அது காலையில் அப்பாவோடு டவுனுக்குப் போகும், இல்லாவிட்டால் அம்மாவோடு மலைக்குப் போகும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் பிள்ளையின் கைக்கு வரும், அதுவும் அண்ணன் அக்கா தம்பி எல்லாரும் பங்கு போட்ட பிறகு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்குள் நீங்கள் தெரிவு செய்கிற வழி அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுக்கும்? மற்ற எல்லாக் கேள்வியும் இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, காசு யாருடைய பையிலிருந்து போகிறது. பேஸ்புக் இலவசம், யூடியூப் இலவசம் என்கிறோம். போடுகிற நமக்கு இலவசம், பார்க்கிறவருக்கு டேட்டா. யூடியூப்பில் 360பி தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறத்தாழ 300 எம்பி போகும். வட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல்பதிவுக்கு அரை எம்பி கூட ஆகாது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. உங்கள் ஊரில் ஓடுகிற டேட்டா பேக்கேஜின் விலையை இன்றைய நாட்சம்பளத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கொழுந்து எடுத்த ஒரு முழு நாளில் எத்தனை மணி நேரம் உங்கள் காணொளிக்குப் போகிறது என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, சிக்னலும் கரண்டும் போனால் என்ன மிஞ்சும். 2020இலும் 2021இலும் பாடசாலைகள் மூடியிருந்த காலத்தில் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டிலும் மரத்திலும் ஏறியதை நாம் மறக்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. இயற்கையும் பொருளாதாரமும் ஒரு பக்கம் இருக்க, சமூக ஊடகங்களையே அரசு நிறுத்திய நாட்களும் உண்டு: 2018 மார்ச்சில் கண்டிப் பக்கத்துத் திகனயில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையின்போது நாட்கணக்கில், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மறுபடியும். நூலகம் முழுவதையும் ஒரே செயலிக்குள் வைத்தால், அது மூடுகிற நாளில் நூலகமும் மூடும்.

நான்காவது, பிள்ளையின் பாதுகாப்பு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது, கீழே ஒரு சம்பவம் சொல்கிறேன்.

அப்புறம் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, தொடங்கும்போது யாரும் கேட்பதில்லை: இதைத் தினமும் உட்கார்ந்து பார்க்கப்போவது யார், அவர் வேறு ஊருக்குப் போனால் என்ன ஆகும்? ஆறு மாதத்துக்கு முன் போட்ட வினாத்தாளை இன்றைக்கு ஒரு பிள்ளை தேடினால் கிடைக்குமா?

வட்ஸ்அப்

தோட்டத்தில் பேஸ்புக் இல்லாத அம்மாக்கள் உண்டு, ஈமெயில் இல்லாதவர்கள் நிறைய உண்டு. ஸ்மார்ட் போன் இருந்து வட்ஸ்அப் இல்லாத வீட்டை நான் பார்க்கவில்லை. மத்திய கிழக்கில் வேலை செய்கிற அம்மாவோடு பேசுவதற்காகவே பல வீடுகளில் அந்தப் போன் வாங்கப்பட்டது. கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, அக்கவுண்ட் திறந்துகொடுக்க வேண்டியதில்லை. குறைந்த சிக்னலிலும் செய்தி எப்படியாவது வந்து சேரும், இரவு பன்னிரண்டு மணிக்காவது இறங்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படும் தாத்தா பாட்டிகளுக்குக் குரல்பதிவு அனுப்பலாம். நாங்கள் சனிக்கிழமை தோறும் ஐந்து நிமிடக் கதை ஒன்றை வாசித்து அனுப்புகிறோம். லயத்து (தோட்ட வரிசை வீடுகளின்) வாசலில் போனை நடுவில் வைத்து நாலைந்து பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று ஒரு அம்மா சொன்னபோது, இதற்குமேல் என்ன வேண்டும் என்று தோன்றியது.

சரி, மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம். சாதாரணக் குழுவில் சேர்ந்தால் எல்லாருடைய இலக்கமும் எல்லாருக்கும் தெரியும். எங்கள் முதல் குழுவில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பு மாணவிகள் இருந்தார்கள், இணைப்பு லிங்க்கை யாரோ வேறெங்கோ பகிர்ந்துவிட, தெரியாத ஓர் ஆள் உள்ளே வந்து இலக்கங்களை எடுத்து ஒரு பிள்ளைக்குத் தொடர்ந்து செய்தி அனுப்பியிருக்கிறான். பிள்ளை பயந்து இரண்டு வாரம் வீட்டில் சொல்லவில்லை. சொன்ன பிறகு அந்த வீட்டில் முதலில் செய்தது அவளிடமிருந்து போனைப் பறித்ததுதான். நாங்கள் தொடங்கிய குழுவால் ஒரு பிள்ளையின் படிப்பு இரண்டு மாதம் தடைப்பட்டது. அன்றைக்கே அந்தக் குழுவை மூடினோம்.

இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. 2023இல் வந்த வட்ஸ்அப் சேனலில் பின்தொடர்கிறவர்களின் இலக்கம் மற்றவர்களுக்குத் தெரியாது, நாம் அனுப்பலாம், அவர்கள் வாசிக்கலாம், அவ்வளவுதான். கம்யூனிட்டி என்ற அமைப்பின் அறிவிப்புப் பகுதியிலும் உறுப்பினர்கள் ஒருவர் இலக்கத்தை ஒருவர் பார்க்க முடியாது. புத்தக அறிவிப்பு, விடுமுறை அறிவிப்பு, குரல்கதை எல்லாவற்றுக்கும் சேனல் போதும். பேச்சும் கேள்வியும் வேண்டுமென்றால் பெற்றோர் இலக்கங்களை மட்டும் வைத்து வகுப்புக்கு ஒரு சிறிய குழு. வட்ஸ்அப்புக்குக் குறைந்த வயது 13 என்பதையும் கவனியுங்கள். புலமைப்பரிசில் எழுதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சேரவே கூடாது, அம்மா அப்பாவின் இலக்கம்தான்.

இன்னொன்று, வட்ஸ்அப்பில் பொருட்களைச் சேமித்து வைக்க முடியாது. போனில் இடம் நிறைந்தால் முதலில் அழிக்கப்படுவது நம்முடைய பிடிஎப்தான். போன தவணை வினாத்தாளைக் கேட்டு இந்தத் தவணையும் பத்துப் பேர் செய்தி அனுப்புவார்கள், பத்துப் பேருக்கும் நீங்கள் திரும்ப அனுப்புவீர்கள். புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்துச் சாதாரணமாக அனுப்பினால் எழுத்து மங்கிப்போகும், டொக்யுமென்ட் என்ற வழியில் அனுப்பினால் தெளிவாகப் போகும். அப்புறம், அட்மின் ஒருவராக இருக்கவே கூடாது. ஒரு பாடசாலையில் குழு முழுவதும் ஓர் ஆசிரியையின் சொந்த இலக்கத்தில் இருந்தது, அவருக்கு இடமாற்றம் வந்தது, போனும் மாறியது, நாலு வருடக் குழு யாருமில்லாத வீடாகிவிட்டது. வாசிகசாலைக்கென்று தனி சிம் ஒன்றும் குறைந்தது மூன்று அட்மின்களும் வேண்டும்.

பேஸ்புக் பக்கம்

பேஸ்புக்கை நான் தொடக்கத்தில் தப்பாகப் புரிந்திருந்தேன். பக்கம் தொடங்கினால் பிள்ளைகள் வருவார்கள் என்று நம்பினேன். புதிதாக வந்த 40 புத்தகங்களை அடுக்கிப் படம் போட்டோம், நல்ல வரவேற்பு, லைக் குவிந்தது, ஆனால் அந்த வாரம் வாசிகசாலைக்கு வந்தது வழக்கமாக வருகிற அதே முகங்கள். லைக் போட்டவர்களின் பெயர்களைப் பார்த்தேன். கொழும்பு, கட்டார், டுபாய், சென்னை. தோட்டத்தில் பிறந்து வெளியே போனவர்கள்.

அப்போதுதான் இந்தப் பக்கம் யாருக்கு என்பது விளங்கியது. ஊரைவிட்டுப் போனவர்களுக்கு ஊரின் ஒரு மூலையைக் காட்டுகிற இடம் அது. மழையில் நனைந்து உப்பிப்போன ஒரு புத்தக ராக்கையைப் படமெடுத்துப் போட்டபோது, இரண்டு வாரத்துக்குள் பழைய மாணவர் நால்வர் சேர்ந்து இரும்பு ராக்கை ஒன்று செய்து அனுப்பினார்கள். புத்தகம் சேர்க்க, நன்கொடைக்குக் கணக்குக் காட்ட, பக்கத்துத் தோட்ட வாசிகசாலைகளோடு தொடர்பு வைக்க பேஸ்புக்கை அடிக்க வேறொன்று இல்லை. பிரதேச சபை உறுப்பினர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள், ஒரு வேலை நடக்கவேண்டும் என்றால் அதுவும் உதவும்.

செலவு? நேரம். பக்கத்தை அடிக்கடி தொடாவிட்டால் பின்தொடர்கிறவர்களுக்கே அது குறைவாகத்தான் காட்டப்படும். காசு கட்டிப் பரப்பலாம், ஆனால் அதற்கு வங்கி அட்டை வேண்டும், அந்தக் காசுக்குப் புத்தகமே வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம். பிள்ளைகளின் முகம் தெரிகிற படங்களை ஏற்றுவதில் மிகுந்த கவனம் வேண்டும். உதவி வேண்டும் என்பதற்காகப் பிள்ளையின் கிழிந்த சப்பாத்தையும் லயத்து அறையையும் காட்டுகிற பதிவுகளைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு இருபது வயதாகும், அந்தப் படம் அப்போதும் அங்கேயே இருக்கும். ராக்கையைக் காட்டுங்கள், புத்தகத்தைக் காட்டுங்கள், பிள்ளையின் கையெழுத்தைக் காட்டுங்கள்.

யூடியூப்

பாடம் போடுவதற்கு யூடியூப் வேண்டாம் என்பேன். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தமிழ்மொழிமூலப் பாடங்கள் ஏற்கனவே ஏராளம் இருக்கின்றன, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் இருக்கின்றன. நாம் நடுங்குகிற கையில் போனைப் பிடித்து எடுக்கும் இன்னொரு பாடம் யாருக்கும் தேவையில்லை. பிள்ளையின் டேட்டாவும் அதில்தான் அதிகம் கரையும்.

ஆனால் ஒரு வேலைக்கு யூடியூப்தான் சரி. நம்மிடம் மட்டும் இருக்கிற விடயங்களைப் பதிந்து வைக்க. மாசி மாதம் காமன் கூத்து ஆடுகிறார்கள், அந்தப் பாடல் வரிகள் முழுதாகத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் ஓரிருவர்தான் மிச்சம். தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து எடுக்கும்போது பாடியவை, வேலைக்கு முன் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்துக் கதைகள், குடியுரிமை இல்லாமல் இருந்த காலத்து அனுபவங்கள். இவற்றை அச்சில் தேடினால் எவ்வளவு கிடைக்கும்? ஒரு பெரியவர் போய்விட்டால் அவரோடு ஒரு ராக்கை நிறையப் புத்தகம் போகிறது. வாசிகசாலைப் பிள்ளைகளே போய்ப் பேட்டி எடுக்கட்டும், அவர்கள் அனுமதியோடு பதியட்டும், யூடியூப்பில் ஒரு பிரதியும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதியும் வைக்கட்டும். இதற்கு அவசரம் இருக்கிறது. நல்ல கமரா வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள், குரல் தெளிவாக இருந்தால் போதும்.

டெலிகிராம்

உயர்தரப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். 2 ஜிபி வரை கோப்பு அனுப்பலாம், இறக்கும்வரை போனில் இடம் பிடிக்காது, புதிதாகச் சேர்பவருக்கும் பழையதெல்லாம் தெரியும், தேடலாம். வட்ஸ்அப்பில் இல்லாத சேமிப்பு வசதி இதில் இருக்கிறது. ஆனால் திறந்த குழுக்களில் யார் வேண்டுமானாலும் நுழைவார்கள், பிள்ளைகள் பார்க்கக்கூடாதவை ஒரு தட்டுத் தூரத்தில் இருக்கின்றன. அங்கே சுற்றுவதில் பெரும்பகுதி பதிப்பகங்களினதும் டியூஷன் ஆசிரியர்களினதும் புத்தகங்களைக் களவாக ஸ்கேன் செய்தவை. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆசிரியர் இறந்து 70 வருடம்வரை பதிப்புரிமை உண்டு. நூலகம் என்ற பெயரை வைத்துக்கொண்டு அதை மீறக்கூடாது. பெரிய மாணவர்களுக்கு மட்டும், நாம் மட்டுமே பதிவிடும் சேனலாக வைத்தால் பயன் உண்டு. அதற்குமேல் வேண்டாம்.

இணையம் வேண்டாத பெட்டி

கொழும்பிலிருந்து காசு அனுப்ப நினைக்கிற அந்த அண்ணனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

ராஸ்ப்பெரி பை என்றொரு சிறிய கணினி இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கும். அதில் ஒரு மெமரி கார்டைப் போட்டு கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் அந்தப் பெட்டியே ஒரு வைஃபை கொடுக்கும். பிள்ளைகள் போனையோ டெப்பையோ அதில் இணைத்தால் பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் ஒரு எம்பி டேட்டாவும் செலவில்லாமல் வாசிக்கலாம், தரவிறக்கி வீட்டுக்கும் கொண்டுபோகலாம். சிக்னல் தேவையில்லை. மின்வெட்டு நாளில் ஒரு நல்ல பவர் பேங்க் சில மணி நேரம் தாங்கும். யாருடைய போன் இலக்கமும் யாருக்கும் தெரியாது, வெளியாள் உள்ளே வர வழியில்லை.

உள்ளே என்ன போடுவது? ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் கிவிக்ஸ் வழியாக இறக்கலாம். அதன்பிறகும் 64 ஜிபி கார்டில் தாராளமாக இடம் மிஞ்சும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழ்மொழிமூலப் பாடநூல்கள் பிடிஎப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன, பாடநூல் பிந்தி வருகிற வருடங்களில் இது ஒன்றே பெரிய உதவி. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளையும் சேருங்கள். 2005இல் தொடங்கிய, 'நூலகம்' என்றே பெயருள்ள எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் பழைய பத்திரிகைகளும் பாடசாலை மலர்களும் ஏராளமாக இருக்கின்றன. மலையகத்தைப் பற்றியும் மலையகத்தவர்கள் எழுதியதுமான வெளியீடுகளை அதிலிருந்து தேர்ந்தெடுத்துத் தனி அடுக்காக வையுங்கள். நம் ஊர்ப் பெயர்களை அச்சில் பார்க்கும்போது பிள்ளைகளின் கண் விரிவதை நான் பார்த்திருக்கிறேன். தாத்தா வேலை செய்த தோட்டத்தின் பெயர் ஒரு பழைய சஞ்சிகையில் இருக்கிறது என்று ஒரு பையன் வீட்டுக்கு ஓடிப்போய்த் தாத்தாவையே கூட்டிக்கொண்டு வந்தான்.

செலவை ஒளிக்காமல் சொல்கிறேன். பலகை, கார்டு, சார்ஜர், கூடு எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு தொகை வேண்டும். ஆனால் அது ஒரே தடவை. அதைவிட முக்கியமாகப் போன் இல்லாத பிள்ளைக்குப் பெட்டி மட்டும் இருந்து பயனில்லை, பழைய லெப்டொப் ஒன்றோ இரண்டு டெப்போ வாசிகசாலையில் இருக்கவேண்டும். வைஃபை அறையையும் விறாந்தையையும் தாண்டாது, ஆகவே பிள்ளை வாசிகசாலைக்கு நடந்து வரவேண்டும். தோட்டத்தின் தூரத்து டிவிஷன் (பிரிவு) பிள்ளைக்கு அது கஷ்டம், மழைக்காலத்தில் மிகவும் கஷ்டம். வாசிகசாலை வாரத்தில் ஒரு நாள்தான் திறக்கிறது என்றால் பெட்டியும் ஒரு நாள்தான் வேலை செய்யும். தவணைக்கு ஒரு தடவையாவது யாராவது டவுனுக்குப் போய்ப் புதியவற்றை இறக்கி ஏற்றவேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் அது பழைய பேப்பர் கடை. எங்கள் பக்கத்து ஈரப்பதனையும் மறக்கவேண்டாம், பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஏப்ரல் மாதத்து இடிமின்னலில் ஒரு சார்ஜர் கருகிப்போனது எங்களுக்கு. பூட்டும்போது பிளக்கைக் கழற்றுங்கள்.

ராஸ்ப்பெரி பை வாங்க வசதியில்லையா? கிவிக்ஸ் சாதாரண அண்ட்ராய்ட் போனிலும் வேலை செய்யும். திரை கீறிய பழைய போன் ஒன்றில் விக்கிப்பீடியாவையும் பாடநூல்களையும் ஏற்றி மேசையில் கட்டி வைத்தாலே தொடங்கிவிடலாம். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம்.

ஏற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, பலர் தவறவிடுகிறார்கள். நம் பாடசாலைகளில் தட்டச்சு செய்த பழைய வினாத்தாள்களில் பெரும்பாலானவை பாமினி என்ற, யுனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் இருக்கின்றன. வேர்ட் கோப்பாகப் போட்டால் போனில் புரியாத குறிகளாகத் தெரியும், தேடினாலும் வராது. ஒன்றில் பிடிஎப் ஆக்குங்கள், நேரமிருந்தால் யுனிகோடுக்கு மாற்றுங்கள். கோப்புப் பெயரில் தரம், பாடம், வருடம் மூன்றும் இருக்கட்டும். "புதிய டொக்யுமென்ட் 7" என்ற பெயரில் முந்நூறு கோப்பு இருந்தால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஏஐ

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது, இப்போது உயர்தரப் பிள்ளைகளின் ஒப்படைகளில் அதன் வாடை அடிக்கிறது. தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் நூலகத்தின் பெயரில் பிள்ளையின் கையில் நேரே கொடுக்கலாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்கிறேன்.

காரணம் சொல்கிறேன். ஒரு பிள்ளை, நாடற்றிருந்த மலையகத் தமிழரை இரு நாடுகளும் பங்கிட்ட 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பற்றி ஏஐயிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். இந்தியா ஏற்பதாகச் சொன்னது 525,000 பேரை, இலங்கை 300,000 பேரை, 150,000 பேரின் நிலையைப் பிறகு பார்ப்பதாக விட்டார்கள். அவள் தாளில் முதல் இரண்டு எண்களும் இடம் மாறி இருந்தன, நடை மட்டும் மிக அழகு. அந்த எண்களுக்குள் அவளுடைய சொந்தக் குடும்பத்தின் கதை இருக்கிறது, பாட்டியின் தங்கை அந்த ஒப்பந்தத்தில்தான் கப்பலேறினாள். ராக்கையிலிருந்து புத்தகத்தை எடுத்துத் திருத்தினோம். இன்னொரு தடவை ஒரு மலையக எழுத்தாளரைப் பற்றிக் கேட்டதற்கு, அவர் எழுதவே எழுதாத நூல்களின் பட்டியல் வந்தது. நம்மைப் பற்றி இணையத்தில் தமிழில் இருப்பதே குறைவு, அதனால் நம் விடயத்தில் அது அதிகம் தடுமாறுகிறது. பிழை என்று கண்டுபிடிக்கும் வயது பிள்ளைக்கு இன்னும் வரவில்லை.

வாசிகசாலை நடத்துகிறவரின் கையில் கொடுத்தால் கதை வேறு. சிங்களத்தில் மட்டும் வருகிற சுற்றறிக்கையின் சாரத்தைத் தமிழில் எடுக்க, பாடநூல் அத்தியாயம் ஒன்றிலிருந்து பத்துக் கேள்வி தயாரிக்க, நன்கொடை கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுத. எல்லாவற்றையும் ஒரு தடவை ஆளின் கண் பார்த்த பிறகு வெளியே விடவேண்டும்.

நடுவில் ஒரு ஆள் நின்று தேடிக்கொடுக்கிற இந்த முறை நம் மலைகளுக்குப் புதிதும் அல்ல. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1990களின் கடைசியில் யுனெஸ்கோவின் துணையோடு ஒரு காரியம் செய்தது. இணையம் என்ற பெயரையே கேட்டிராத கிராமத்து மக்கள் கேள்வி அனுப்புவார்கள், நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி, விளங்கும் மொழியில் வானொலியில் விடை சொல்வார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி வைத்தார்கள். கேட்கிறவருக்குக் கணினி தேவைப்படவில்லை, நடுவில் ஒரு ஆள் இருந்தார். எங்கள் வாசிகசாலையில் ஒரு கேள்விப் பெட்டி வைத்திருக்கிறோம், பிள்ளைகள் தாளில் எழுதிப் போடுவார்கள், நாங்கள் புத்தகத்திலும் இணையத்திலும் ஏஐயிலும் தேடிச் சரிபார்த்து சனிக்கிழமைக் குரல்பதிவில் விடை சொல்கிறோம். "அட்டை ஏன் மழைக்கு மட்டும் வருகிறது" என்ற கேள்விக்கு வந்த வரவேற்பு எந்தப் பாடத்துக்கும் வரவில்லை.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | சிக்னல் போனால் | பிள்ளை வீட்டுக்குச் செலவு | பாதுகாப்பு | ஆறு மாதம் கழித்துத் தேடினால் | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| வட்ஸ்அப் சேனல் | பிந்தியாவது வரும் | மிகக் குறைவு | நல்லது (திறந்த குழு ஆபத்து) | கஷ்டம் | பெற்றோர், தூரத்து டிவிஷன் |
| பேஸ்புக் பக்கம் | இல்லை | நடுத்தரம் | படத்தில் கவனம் | ஓரளவு | பழைய மாணவர், உதவுகிறவர்கள் |
| யூடியூப் | இல்லை | அதிகம் | கருத்துப் பகுதியை மூடினால் பரவாயில்லை | கிடைக்கும் | வாய்மொழிப் பதிவுகள் |
| டெலிகிராம் | இல்லை | இறக்கும் அளவைப் பொறுத்தது | பலவீனம் | நன்றாகக் கிடைக்கும் | உயர்தர மாணவர் |
| இணையமில்லாப் பெட்டி | முழுதாக இயங்கும் | ஒன்றுமில்லை | மிக நல்லது | நன்றாகக் கிடைக்கும் | நடந்து வரக்கூடிய எல்லாப் பிள்ளைகளும் |
| ஏஐ | இல்லை | நடத்துகிறவருக்கு மட்டும் | பிள்ளை கையில் வேண்டாம் | பொருந்தாது | வாசிகசாலை நடத்துகிறவர் |

மூவருக்கும் என்ன சொன்னேன்

நோர்வூட் தம்பிக்கு: வட்ஸ்அப் சேனலும் பழைய போனில் கிவிக்ஸும். இரண்டும் இந்த மாதமே நடக்கும், காசு ஏறக்குறைய தேவையில்லை. பேஸ்புக்கை ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம், காட்டுவதற்கு ஏதாவது சேர்ந்த பிறகு.

ஆசிரியைக்கு: நீங்கள் ஏற்கனவே இரண்டு ஆள் வேலை செய்கிறீர்கள், புதிதாக எதையும் தினமும் பார்க்கவேண்டிய நிலைக்குப் போகவேண்டாம். பெற்றோருக்கு அறிவிப்புப் பகுதி ஒன்று, வாரத்துக்கு ஒரு செய்தி, மாலை ஏழு மணிக்கு, போன் வீட்டுக்கு வந்திருக்கும் நேரம். உயர்தர மாணவர் இருவரை நூலகத் துணைவர்களாக எடுத்து, பாமினி வினாத்தாள்களைப் பிடிஎப் ஆக்கிப் பெயரிடும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். இடமாற்றம் வந்தால் சிம்மும் கடவுச்சொல்லும் அதிபரிடம் எழுத்தில் இருக்கட்டும்.

கொழும்பு அண்ணனுக்கு: காசைப் பெட்டிக்கும் இரண்டு டெப்புக்கும் போடுங்கள், ஆனால் அதில் ஒரு பங்கை ஒதுக்கி, சனி ஞாயிறு வாசிகசாலையைத் திறந்து வைக்கிற பிள்ளைக்கு மாதம் ஒரு சிறு கொடுப்பனவு வையுங்கள். அவர் அதற்குத்தான் யோசித்தார், சாமானுக்குக் காசு கொடுக்க எல்லாரும் வருவார்கள் ஆளுக்குக் கொடுக்க வரமாட்டார்கள் என்றார். இரண்டு நாள் கழித்து அழைத்து, ஆறு மாதத்துக்குத் தருகிறேன், யார் அந்தப் பிள்ளை என்று கேட்டார். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற ஒரு தங்கச்சி இருக்கிறாள், சாவி இப்போது அவளுடைய வீட்டில் தொங்குகிறது.